கனடாவில் வீடு விற்கும்போது வரி: முதன்மை வதிவிட விலக்கைக் கணக்கிட்டு அறிவிப்பது எப்படி

"நாங்கள் இருந்த வீடுதானே, விற்றால் வரி இல்லை" என்பது கனடாவில் எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு. பெரும்பாலானோருக்கு முடிவு அப்படித்தான் அமையும். ஆனால் அந்த விலக்கு தானாக வராது. நீங்கள் வருடம் வருடமாக எண்ணி, இன்ன இன்ன வருடங்களில் இது என் முதன்மை வதிவிடம் என்று அறிவித்து, வரிப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2016 இல் இருந்து, ஒரு சதம் வரி வராத விற்பனையைக்கூட அறிவித்தாக வேண்டும்.

வரிக் காலத்தில் என் மேசைக்கு வருபவர்கள் தடுமாறுவது ஒரே மாதிரித்தான். கடைசியில் செய்ய வேண்டிய படிவத்தை முதலில் கையில் எடுக்கிறார்கள். அது வருடங்களைக் கேட்கும்போது பின்னோக்கித் தேடத் தொடங்குகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

இது கனடாவில் வசிக்கும் தனிநபர்கள் தங்கள் பெயரில் உள்ள வீட்டை விற்பதற்கானது. கம்பனியோ குடும்ப அறக்கட்டளையோ வைத்திருக்கும் வீடு, பண்ணை நிலம், இறந்தவரின் வீடு ஆகியவற்றுக்கு வேறு விதிகளும் உண்டு.

1. காகிதங்களைச் சேருங்கள்

வீட்டைச் சந்தைக்கு விடுமுன்பே இதைத் தொடங்குங்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது பழைய கோப்புகள்தான்.

வாங்கியபோது சட்டத்தரணி அனுப்பிய முடிவுக் கோப்பு மிக முக்கியம். விலை, நிலமாற்று வரி, சட்டச் செலவு, வீடு கைமாறிய திகதி, உறுதியில் யார் யார் பெயர், எத்தனை பங்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். தொலைந்திருந்தால் அந்தச் சட்டத்தரணி அலுவலகத்தைக் கேளுங்கள். விற்பனைக்கும் இதேபோல ஒரு கோப்பு வரும்.

அடுத்தது மேம்படுத்தல் செலவுகளின் பற்றுச்சீட்டுகள். பேஸ்மென்டைக் கட்டி முடித்தது, பின்பக்கம் அறை சேர்த்தது, குசினியை முழுதாக மாற்றியது போன்றவை. "எனக்குத்தான் வரி இல்லையே, இது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏதாவது ஒரு வருடம் தகுதி பெறாமல் போனால் அந்தப் பற்றுச்சீட்டுதான் வரியைக் குறைக்கும்.

மூன்றாவது, அங்கே வாழ்ந்ததற்கான சான்று. ஹைட்ரோ எனப்படும் மின்சார பில், சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருந்த முகவரி, வங்கிக் கடிதம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம் போன்றவை போதும்.

வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ எப்போதாவது வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வருடங்களின் ரி776 வாடகைப் படிவங்களையும் எடுத்து வையுங்கள். அவற்றில் தேய்மானம், அதாவது சி.சி.ஏ., கழித்திருக்கிறதா என்பதில் பின்னால் பல விடயங்கள் தங்கியிருக்கின்றன.

2. 365 நாள் ஆகிவிட்டதா என்று பாருங்கள்

இதில் விழுந்தால் மீதிப் படிகளுக்கு வேலையே இல்லை. அதனால்தான் இது முன்னால் வருகிறது.

2023 ஜனவரி 1 முதல் உள்ள விதி இது: குடியிருப்பு வீடு ஒன்றைத் தொடர்ந்து 365 நாட்களுக்குக் குறைவாக வைத்திருந்து விற்றால், கிடைத்த இலாபம் வியாபார வருமானமாகக் கருதப்படும். முதன்மை வதிவிட விலக்கு கிடையாது. மூலதன ஆதாயத்தில், அதாவது சொத்தை விற்று வந்த இலாபத்தில், பாதிக்குத்தான் வரி என்ற சலுகையும் கிடையாது. 80,000 டொலர் இலாபம் என்றால் 80,000 உம் வருமானத்தில் சேரும். நீங்கள் அந்த வீட்டில் உண்மையாகவே குடியிருந்திருந்தாலும் அப்படித்தான்.

விதிவிலக்குகள் உண்டு. இறப்பு, குடும்பத்தவர் ஒருவர் வந்து சேர்வது, திருமண முறிவு, உயிருக்கோ உடலுக்கோ அச்சுறுத்தல், கடும் நோய் அல்லது உடல் இயலாமை, வேலை காரணமான இடமாற்றம், விருப்பமின்றி வேலை இழப்பு, கடனடைக்க முடியாத நிலை, தீ போன்ற அழிவு அல்லது அரசு கையகப்படுத்தல் ஆகியவை அவை. இவற்றில் ஒன்று பொருந்தினால் அதற்கான கடிதத்தை அன்றே பத்திரப்படுத்துங்கள். இடமாற்றம் என்றால் புதிய வீடு பழையதைவிட வேலைத்தலத்துக்குக் குறைந்தது 40 கிலோமீற்றர் கிட்ட இருக்க வேண்டும்.

கட்டி முடிக்குமுன் வாங்கும் வீடுகளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 2020 இல் ஒப்பந்தம் போட்டு, 2024 பெப்ரவரியில் வீடு கைக்கு வந்து, அந்த ஒக்டோபரில் விற்றால், "நாலு வருடம் வைத்திருந்தேன்" என்பது செல்லாது. வீடு உங்கள் பெயருக்கு மாறிய நாளில் இருந்துதான் 365 எண்ணப்படும். கைக்கு வருமுன் ஒப்பந்தத்தையே இன்னொருவருக்குக் கைமாற்றி விற்பதற்கும் இதே 365 நாள் விதி உண்டு. அதற்கு ஒப்பந்தம் போட்ட நாளில் இருந்து எண்ண வேண்டும்.

365 நாள் தாண்டிவிட்டால் முழுப் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். வாங்கித் திருத்தி விற்பதே நோக்கம் என்று சூழ்நிலை காட்டினால், கனடா வருவாய் முகமையான சி.ஆர்.ஏ. அதை வியாபாரம் என்று சொல்ல முடியும். அடுத்தடுத்து இரண்டு மூன்று வீடுகளை இப்படி மாற்றியவர்கள் கணக்காளரிடம் போவது நல்லது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2025 இல் இருந்து 730 நாட்களுக்குள் விற்பதற்கு மாகாணத்தின் தனி வரியும் இருக்கிறது. அதற்குத் தனிப் படிவம்.

3. வீடு உண்மையில் யாருடையது என்று தீருங்கள்

உறுதியில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தம் பங்கைத் தனித்தனியே அறிவிக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவர் வரிப் படிவத்திலும் அது வர வேண்டும். "அவர் போட்டுவிட்டார், எனக்குத் தேவையில்லை" என்று விட்டுவிடுவது மிகச் சாதாரணமான பிழை.

நம் குடும்பங்களில் பெரிய சிக்கல் வேறு. மோட்கேஜ் கிடைப்பதற்காக அண்ணனையோ மாமாவையோ உறுதியில் சேர்ப்பார்கள். அவருக்கு வேறு இடத்தில் சொந்த வீடு இருக்கும். பத்து வருடம் கழித்து விற்கும்போது, பாதிப் பங்கு அவர் பெயரில் இருக்கிறது; அவர் அங்கே ஒரு நாளும் வாழவில்லை. அந்தப் பாதியின் ஆதாயத்துக்கு வரி வரலாம்.

பெயர் மட்டும்தான் அவருடையது, பணமும் பயனும் பொறுப்பும் எல்லாம் நம்முடையது என்றால், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் அதை நிறுவ வேண்டும். வாங்கிய நேரத்திலேயே சட்டத்தரணி எழுதிய உடன்படிக்கை, முற்பணம் யார் கணக்கில் இருந்து போனது, மோட்கேஜும் சொத்துவரியும் யார் கட்டினார் என்ற வங்கிப் பதிவுகள் ஆகியவை தேவை. விற்கும் வாரத்தில் எழுதிய கடிதத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது. உறுதியில் மூன்றாம் ஆள் பெயர் இருந்தால், விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே வரிச் சட்டம் தெரிந்தவரோடு பேசுங்கள். இந்த வழிகாட்டியை வைத்து நீங்களாகவே தீர்க்கக்கூடிய விடயமல்ல அது.

4. வருடத் தாளை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் வாங்கிய வருடத்தில் இருந்து விற்ற வருடம் வரை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே நான்கு விடைகள்: நான் கனடாவில் வசித்தேனா? வீட்டில் யார் வாழ்ந்தது? வாடகை வந்ததா? குடும்பத்தில் வேறு வீடு அறிவிக்கப்பட்டதா?

நாட்காட்டி வருடமாக எண்ணுங்கள். 2014 டிசம்பரில் வாங்கி 2025 ஜனவரியில் விற்றாலும் 2014 உம் 2025 உம் முழு வருடங்களாக எண்ணப்படும், மொத்தம் 12. கழித்துப் பார்த்து 11 என்று எழுதுகிறவர்களே அதிகம்.

ஒரு வருடம் தகுதி பெற, அந்த வருடத்தில் நீங்களோ, உங்கள் துணையோ, முன்னாள் துணையோ, பிள்ளையோ அங்கே வழமையாகக் குடியிருந்திருக்க வேண்டும். முழு வருடமும் இருக்க வேண்டும் என்றில்லை. வாடகைக்கு விட்டுப் பணம் பண்ணுவது முக்கிய நோக்கமாக இல்லாவிட்டால், கோடையில் மட்டும் போய்த் தங்கும் கொட்டேஜும் தகுதி பெறும்.

அந்தப் பட்டியலில் பெற்றோர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அம்மா அப்பாவுக்கென்று உங்கள் பெயரில் ஸ்காபரோவில் ஒரு கொண்டோ வாங்கி, அவர்களை இருத்திவிட்டு, நீங்கள் மார்க்கம் நகரில் இருந்தால் அந்தக் கொண்டோ உங்கள் முதன்மை வதிவிடம் ஆகாது. வாடகை ஒரு சதமும் வாங்காவிட்டாலும் ஆகாது. பல குடும்பங்கள் இதை விற்ற பிறகுதான் அறிகின்றன. மறுபக்கம், பல்கலைக்கழகம் போகும் பிள்ளை உங்கள் இரண்டாவது வீட்டில் இருந்தால், பிள்ளைக்கு எத்தனை வயதானாலும், குடியிருந்தது என்ற நிபந்தனை நிறைவேறிவிடும்.

அடுத்தது குடும்பத்துக்கு ஒன்று என்ற விதி. 1982 இல் இருந்து ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்கு ஒரு வீட்டைத்தான் அறிவிக்கலாம். குடும்பம் என்றால் நீங்கள், துணை, 18 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன் ஆளுக்கொரு கொண்டோ வைத்திருந்தவர்கள், கல்யாணமான வருடத்துக்கு அடுத்த வருடத்தில் இருந்து இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும். ஒன்று அவர் பெயரில், மற்றது இவர் பெயரில் என்பதால் எதுவும் மாறாது.

வீட்டோடு சேர்ந்த காணி அரை ஹெக்டேயருக்கு மேல் என்றால், மிகுதிக் காணி வீட்டுக்குத் தேவையானது என்று காட்டாவிட்டால் அதற்கு விலக்கு இல்லை. நகரத்துக்குள் இது அநேகமாக யாருக்கும் பொருந்தாது.

5. பேஸ்மென்ட் வாடகையைத் தனியாகப் பாருங்கள்

"பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தேன், இப்போது விலக்கு போய்விடுமா?" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறினால் முழு வீட்டையும் முதன்மை வதிவிடமாகவே வைத்துக்கொள்ள சி.ஆர்.ஏ. விடும்:

1. நீங்கள் குடியிருப்பதே வீட்டின் முக்கியப் பயன். வாடகை அதற்குத் துணையான சிறு பயன்.
2. வாடகைக்காக வீட்டின் கட்டமைப்பை மாற்றவில்லை.
3. அந்தப் பகுதிக்கு ஒரு வருடமும் சி.சி.ஏ. கழிக்கவில்லை.

ஒரு அறையை மாணவருக்குக் கொடுத்தால் சிக்கல் இல்லை. வீட்டில் இருந்தே வேலை செய்பவரின் அலுவலக அறையும், சிறு அளவில் பிள்ளை பராமரிப்பதும் இந்த மூன்றாலேயே அளக்கப்படும்.

தனிவாசல், தனிக் குசினி, தனிக் குளியலறை எல்லாம் வைத்து இரண்டாவது குடியிருப்பாக மாற்றியிருந்தால் கதை வேறு. அது கட்டமைப்பு மாற்றம். மாற்றிய நாளில் அந்தப் பகுதியை அன்றைய சந்தை விலைக்கு நீங்களே விற்று நீங்களே வாங்கியதாகச் சட்டம் கருதும். அதுவரை வந்த ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. அதன்பின் அந்தப் பகுதிக்கு வரும் ஆதாயத்துக்கு வரி உண்டு.

பங்கை வழக்கமாகச் சதுர அடியில் பிரிப்பார்கள். மாற்றிய பிறகு முழு வீட்டின் ஆதாயம் 300,000 டொலர், வாடகைப் பகுதி 30 சதவீதம் என்றால், 90,000 தகுதியற்றது. அதில் பாதியான 45,000 உங்கள் வருமானத்தில் சேரும்.

2019 மார்ச் 19 இல் இருந்து இப்படிப் பகுதியாக மாற்றியவர்களும், அடுத்து வரும் "மாற்றம் இல்லை" என்ற தெரிவை எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன் முழு வீடும் மாறினால்தான் அந்த வாய்ப்பு இருந்தது.

சி.சி.ஏ. பற்றி ஒன்று சொல்லி விடுகிறேன். மென்பொருள் அதைக் கழிக்கவா என்று கேட்கும். கழித்தால் அந்த வருட வரி சில நூறு டொலர் குறையும். விற்கும்போது அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை பல மடங்கு இருக்கலாம். குடியிருக்கும் வீட்டில், அல்லது திரும்பக் குடியிருக்கக்கூடிய வீட்டில், அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

6. முழு வீடும் வாடகைக்குப் போயிருந்தால், அல்லது வாடகை வீட்டுக்குள் நீங்கள் வந்திருந்தால்

இருந்த வீட்டை விற்காமல் வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் புது வீட்டுக்குப் போவது இங்கே சாதாரணம். அந்த நாளிலும், பேஸ்மென்டுக்குச் சொன்னதுபோல, நீங்களே விற்று நீங்களே வாங்கிய கற்பனை விற்பனை நடந்ததாகக் கருதப்படும். அதை அந்த வருடப் படிவத்திலேயே அறிவிக்க வேண்டும். பணம் கைக்கு வராததால் யாருக்கும் நினைவு வருவதில்லை. சந்தை விலை என்ன என்பதற்கு அன்றே ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுத்து வையுங்கள். ஏழு வருடம் கழித்து அந்த விலையை ஊகிப்பது உங்களுக்குத்தான் பாதகம்.

இதற்கு மாற்று வழி, வருமான வரிச் சட்டத்தின் 45(2) பிரிவு. பயன் மாறவே இல்லை என்று கருதும்படி கேட்டு, வீட்டின் விவரத்தோடு கையொப்பமிட்ட கடிதத்தை அந்த வருடப் படிவத்துடன் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கற்பனை விற்பனை இல்லை. அதோடு, அங்கே குடியிராத வருடங்களில் நான்கு வரை அதையே முதன்மை வதிவிடமாக அறிவிக்கலாம். வேலைக்காக இடம் மாறியவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு நான்கு இன்னும் நீளும். இடையில் ஒரு வருடம் சி.சி.ஏ. கழித்தால் இந்தத் தெரிவு அந்த வருடத்தோடு ரத்தாகும். காலம் தாழ்த்தியும் கேட்கலாம்; ஏற்பது சி.ஆர்.ஏ. கையில்.

எதிர்த்திசையில், வாடகை வீட்டுக்குள் நீங்களே குடிவந்தால் 45(3) பிரிவு. வரியை உண்மையில் விற்கும் வரை தள்ளிப்போடலாம்; குடிவருமுன் இருந்த நான்கு வருடங்கள் வரை அறிவிக்கலாம். 1984 க்குப் பின் சி.சி.ஏ. கழித்திருந்தால் இது கிடைக்காது.

இரண்டிலும் வரும் கூடுதல் நான்கு வருடங்கள் இலவசம் என்று எண்ண வேண்டாம். குடும்பத்துக்கு ஒன்று என்ற விதி அங்கேயும் நிற்கிறது. அந்த நான்கை இங்கே கொடுத்தால், புது வீட்டுக்கு அவை இல்லை.

7. ஆதாயத்தைக் கணக்கிடுங்கள்

விற்ற விலையில் இருந்து, வாங்கிய அடக்கத்தையும் விற்கும் செலவையும் கழியுங்கள்.

அடக்கம் என்பது வாங்கிய விலை, நிலமாற்று வரி, வாங்கியபோது சட்டச் செலவு, நிலைத்த மேம்படுத்தல்கள். ரொறன்ரோ நகருக்குள் வாங்கியவர்கள் ஒன்ராறியோ வரியோடு நகரத்தின் நிலமாற்று வரியும் கட்டியிருப்பார்கள், இரண்டையும் சேருங்கள். விற்கும் செலவு என்பது வீட்டு முகவர் கொமிஷன், அதன் மேல் வந்த விற்பனை வரியான எச்.எஸ்.ரி., சட்டத்தரணிச் செலவு, விளம்பரம்.

மோட்கேஜ் வட்டி, சொத்துவரி, காப்புறுதி, பெயின்ட், ஒழுகிய குழாயைத் திருத்தியது ஆகியவை இதில் வராது. "வட்டியே இரண்டு லட்சம் கட்டினேன், இலாபம் எங்கே?" என்ற ஆதங்கம் நியாயம்தான்; குடியிருந்த வீட்டில் சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

2022 தொடக்கத்தில் விலை உச்சியில் நின்றபோது வாங்கி, பின்னர் நட்டத்துக்கு விற்றவர்கள் பலர். குடியிருந்த வீட்டில் வந்த நட்டத்தை எதிலும் கழிக்க முடியாது. ஆனாலும் விற்பனையை அறிவிக்க வேண்டும்.

8. சூத்திரத்தைப் போட்டு, எந்த வருடம் எந்த வீட்டுக்கு என்று முடிவெடுங்கள்

விலக்கு பெறும் ஆதாயம் = ஆதாயம் × (அறிவித்த வருடங்கள் + 1) ÷ வைத்திருந்த வருடங்கள்.

அந்த ஒன்று எதற்கு என்றால், ஒரே வருடத்தில் பழையதை விற்றுப் புதியதை வாங்குகிறவருக்கு இரண்டு வீடும் அந்த வருடத்தில் தகுதி பெறுவதற்காக. வீடு வாங்கிய வருடத்தில் நீங்கள் கனடாவில் வசிக்காதவராக இருந்தால் அந்த ஒன்று கிடைக்காது.

12 வருடம் வைத்திருந்த வீட்டில் ஆதாயம் 360,000. நான்கு வருடங்களைக் கொட்டேஜுக்குக் கொடுத்துவிட்டதால் அறிவிப்பது 8. அப்படியானால் 9/12, அதாவது 270,000 விலக்கு. மிச்சம் 90,000, அதில் பாதி 45,000 வருமானத்தில் சேரும். பாதி சேரும் என்பதை "50 சதவீத வரி" என்று விளங்கிக்கொண்டு பயப்படாதீர்கள். அந்த 45,000 க்கு உங்கள் வருமானப் படி என்னவோ அந்த வீதத்தில்தான் வரி. 250,000 க்கு மேற்பட்ட ஆதாயத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சேர்க்கும் திட்டம் 2024 இல் வந்து, 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. இப்போதும் பாதிதான்.

கொட்டேஜ், கொண்டோ என்று இரண்டு சொத்து உள்ளவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கொண்டோவை 2012 இல் வாங்கினீர்கள், செலவோடு 300,000. 2018 இல் வீடு வாங்கிக் குடிபோனீர்கள். கொண்டோவை வாடகைக்கு விட்டீர்கள். அப்போது கொண்டோவின் சந்தை விலை 400,000. 2025 இல் செலவு போக 580,000 க்கு விற்றீர்கள்.

45(2) கொடுக்கவில்லை என்றால், 2018 வரையான 100,000 முழுதும் விலக்கு. பின்னர் வந்த 180,000 முழுதும் ஆதாயம், விலக்கு இல்லை.

45(2) கொடுத்திருந்தால் மொத்த ஆதாயம் 280,000. வைத்திருந்தது 14 வருடம். குடியிருந்த 7 வருடங்களை மட்டும் அறிவித்தால் 8/14, அதாவது 160,000 விலக்கு, மிச்சம் 120,000. கூடுதல் நான்கையும் சேர்த்து 11 வருடம் அறிவித்தால் 12/14, அதாவது 240,000 விலக்கு. மிச்சம் வெறும் 40,000.

பார்த்தவுடன் கடைசி வழிதான் நல்லது என்று தோன்றும். அதற்கு விலை, 2019 முதல் 2022 வரை புது வீட்டுக்கு விலக்கு இல்லாமல் போவது. ஆகவே இரண்டின் ஆதாயத்தையும் வருடத்துக்கு எவ்வளவு என்று பிரியுங்கள். கொண்டோவுக்கு 280,000 ÷ 14, வருடம் 20,000. வீட்டை 2018 இல் 800,000 க்கு வாங்கி இன்று 1,000,000 என்றால், 8 வருடத்தில் 200,000, வருடம் 25,000. இந்தக் கணக்கில் அந்த நான்கு வருடங்களை வீட்டுக்கே வைத்திருப்பது இலாபம்.

ஆனால் வீடு இன்னும் விற்கப்படவில்லை. அதன் வருடச் சராசரி ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். இன்று கட்டாயம் வரும் வரியும், எப்போதோ வரக்கூடிய வரியும் ஒன்றல்ல. இரண்டு வீட்டின் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இப்போது விற்பதற்கே வருடங்களைக் கொடுக்கலாம் என்பேன். கையில் இருக்கும் பணம் மோட்கேஜைக் குறைக்கும். எதைத் தெரிவு செய்தாலும் வருடத் தாளில் எழுதி வையுங்கள். இன்று கொடுத்த வருடங்களை, 2040 இல் வீட்டை விற்கும்போது மறந்துபோய் இரண்டாம் முறை அறிவித்துவிடக் கூடாது.

9. படிவங்களை நிரப்புங்கள்

இரண்டு தேவை: மூலதன ஆதாயத்தைக் காட்டும் செடியூல் 3, முதன்மை வதிவிட வருடங்களை அறிவிக்கும் ரி2091.

செடியூல் 3 இல் 17900 ஆம் வரிசையில் முதன்மை வதிவிடம் பற்றிய கேள்வி இருக்கும். வைத்திருந்த எல்லா வருடங்களும், அல்லது வீடு மாறிய ஒரு வருடம் தவிர மற்றெல்லாம் அறிவிக்கிறீர்கள் என்றால் முதல் கட்டம். சில வருடங்கள் மட்டும் என்றால் இரண்டாவது.

முதல் கட்டத்தில் குறியிட்டவர்களுக்கு ரி2091 இன் முதல் பக்கம் போதும்: வீட்டின் முகவரி, வாங்கிய வருடம், விற்ற விலை, அறிவிக்கும் வருடங்கள். இரண்டாவது என்றால் கணக்குப் பகுதியையும் நிரப்ப வேண்டும்; மிச்ச ஆதாயம் அங்கிருந்து செடியூல் 3 க்குப் போகும். வருடத் தாள் தயாராக இருந்தால் இது அரை மணி நேர வேலை.

விற்ற விலை என்ற இடத்தில் உங்கள் பங்கை மட்டும் போடுங்கள். இருவர் சமபங்கு என்றால் இருவரும் பாதி பாதி. ஆளுக்கு முழு விலையைப் போட்டுவிட்டு, சி.ஆர்.ஏ. கடிதம் வந்த பின் விளக்கம் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

திகதி விடயத்தில், ஒப்பந்தம் எழுதிய நாள் அல்ல, வீடு கைமாறிய நாள் எந்த வருடத்தில் விழுகிறதோ அந்த வருடத்துக்கான படிவம். அடுத்த ஏப்ரல் 30 க்குள் கொடுக்க வேண்டும். சுயதொழில் செய்பவர்களுக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய வரி ஏப்ரல் 30 இல் கட்டப்பட வேண்டும்.

10. அறிவிக்க மறந்திருந்தால்

சி.ஆர்.ஏ. கேட்குமுன் நீங்களே திருத்தக் கோரிக்கையோடு ரி2091 ஐ இணைத்து அனுப்புங்கள். தாமதத்துக்குத் தண்டம், முழு மாதம் ஒன்றுக்கு 100 டொலர், உச்சம் 8,000. 20 மாதம் தாமதம் என்றால் 2,000 வரை. எல்லோருக்கும் போடுவார்கள் என்றில்லை. போட அதிகாரம் உண்டு.

"மூன்று வருடம் போனால் அவர்களால் தொட முடியாது" என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. வீட்டு விற்பனையை அறிவிக்காதவர்களுக்கு அது பொருந்தாது. அறிவிக்காத விற்பனைக்கு அந்தக் கால எல்லை ஓடவே தொடங்காது. எத்தனை வருடம் கழித்தும் திறந்து பார்க்கலாம்.

11. ஊரில் உள்ள வீடும், கனடாவை விட்டுப் போனவர்களும்

கனடாவில் வசிப்பவர் உலகெங்கும் உள்ள சொத்தின் ஆதாயத்தையும் இங்கே அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வீட்டை விற்றாலும் அப்படியே. நல்ல விடயம் ஒன்று உண்டு: நீங்கள் கனடாவுக்குக் குடிவரும்போதே அது உங்களுடையதாக இருந்தால், குடிவந்த நாளின் சந்தை விலைதான் அடக்கம், வாங்கிய பழைய விலை அல்ல. அந்த நாளின் விலையைக் காட்டும் மதிப்பீடு ஒன்று எடுங்கள். அடக்கம், விற்ற விலை இரண்டையும் அந்தந்த நாளின் நாணய மாற்று வீதத்தில் டொலராக்க வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே வரவு கேட்கலாம்.

வெளிநாட்டு வீடும் முதன்மை வதிவிடமாகத் தகுதி பெற முடியும். நீங்கள் கனடா வதிவாளராக இருந்த வருடங்களில் உங்கள் குடும்பம் அங்கே போய்த் தங்கியிருக்க வேண்டும். அந்த வருடங்களை இங்குள்ள வீட்டில் இருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், அநேகருக்கு அது வரவல்ல, இழப்பு.

வேலைக்கென்று நாட்டைவிட்டுப் போய் வரி வதிவாளர் அல்லாதவராகிவிட்டால், அந்த வருடங்களை அறிவிக்க முடியாது. அந்த நிலையிலேயே வீட்டை விற்றால், விற்ற 10 நாளுக்குள் சி.ஆர்.ஏ. க்குத் தெரிவித்து இணக்கச் சான்றிதழ் கேட்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்குபவர் விலையில் ஒரு பகுதியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர்.  ஆதாயத்தில் அல்ல, விலையில். இந்தப் பணத்தை நம்பி வேறு வீட்டுக்குக் கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

12. கொடுத்த பிறகு

மதிப்பீட்டு அறிவித்தல் வந்ததும் கோப்பை எறிய வேண்டாம். சி.ஆர்.ஏ. பின்னர் கடிதம் எழுதி வீட்டில் வாழ்ந்ததற்கான சான்றையும், வாங்கிய விற்ற ஆவணங்களையும் கேட்கலாம். கடிதத்தில் உள்ள திகதிக்குள், கேட்டதை மட்டும், பிரதியாக அனுப்புங்கள். நேரம் போதாவிட்டால் திகதி கடக்குமுன் தொலைபேசியில் நீட்டிப்புக் கேளுங்கள். பதில் போகாவிட்டால் விலக்கை மறுத்து மறுமதிப்பீடு வரும். அதற்கு 90 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும்.

விற்ற வீட்டின் கோப்பைக் குறைந்தது ஆறு வருடம் வையுங்கள். வருடத் தாளை மட்டும், இன்று நீங்கள் இருக்கும் வீட்டின் கோப்புக்குள் மாற்றி வையுங்கள். அந்த வீட்டை விற்கும் நாள் வரை அது தேவை.